ஒரே பீப்பாய், இரண்டு அறைகள்



நிலம், கோயில் நுழைவு, பொதுக்கிணறு, கல்வி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு சிறிய பியர் ஆலை. நினைவுச் சொற்பொழிவில் மதுவைப் பற்றியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்கார்ந்த பெண்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். மது நம் குடும்பங்களை எந்தக் கதிக்கு ஆளாக்கியிருக்கிறது என்பதை அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடியைப் புகழ வரவில்லை. ஒரு தொழில் எப்படி மானமுள்ள தொழிலாகிறது, எப்படித் தீட்டுத் தொழிலாகிறது, ஒரே பண்டத்தைக் குடிக்க வருபவர்கள் நடுவே சுவர் எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு இந்த ஆலையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நல்ல சான்று.

முதலில் பண்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏல் என்பது தானியத்திலிருந்து வரும் பியர். நம் கள்ளைப் போல மரத்திலிருந்து இறக்குவது அல்ல. சங்க இலக்கியம் தோப்பி என்று சொல்லும் வீட்டு அரிசிக் கள்ளுக்குத்தான் இது நெருங்கிய உறவு. பார்லியை நனைத்து முளைகட்டி, சூளையில் உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். இனிப்பான சாறு இறங்குகிறது. அதை ஹாப் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். இதுவரை எல்லா ஆலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. பெரிய ஆலைகள் பியரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி, கெக் எனப்படும் உலோகக் கலத்தில் அடைக்கின்றன. மாதக்கணக்கில் கெடாது. பீப்பாய் ஏல் அப்படியல்ல. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் ஊற்றிவிடுவார்கள். பப்பின் நிலவறையில் கிடக்கும்போதும் அது புளித்துக்கொண்டிருக்கும். பீப்பாயின் வயிற்றில் உள்ள துளையில் சிறு மர ஆணியைச் செருகி, காற்று மெல்ல வெளியேற விடுவார்கள். கலங்கலை அடியில் படியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பார்கள். நிலவறையின் குளிர் 12 டிகிரிக்கு முன்பின்னாக இருக்க வேண்டும். திறந்துவிட்டால் மூன்று நான்கு நாளுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துக் காடியாகிவிடும். ஃபர்கின் எனப்படும் சிறு பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட் இருக்கும். அதைக் கைப்பம்பால் மேலே இழுத்து ஊற்றுவார்கள்.

ஆகவே பீப்பாய் ஏலுக்கு மூன்று கைகள் வேண்டும்: காய்ச்சுபவர் கை, நிலவறையில் பார்த்துக்கொள்பவர் கை, அன்றன்றைக்கு வந்து குடிப்பவர் கை. மூன்றில் ஒன்று விலகினாலும் அது நிற்காது. ஊர் இல்லாமல் பீப்பாய் ஏல் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஊர் என்றதும் நம் காதில் ஊரும் சேரியும் சேர்ந்தே விழும். அங்கேயும் அப்படித்தானா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தொழில் தொடக்கத்தில் பெண்களுடையது. இடைக்கால இங்கிலாந்தின் கிராமங்களில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சியதில் மிஞ்சியதை வாசலில் விற்றார்கள். ப்ரூஸ்டர் என்ற குடும்பப் பெயர், காய்ச்சும் பெண்ணைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் ஊர் மன்றங்களின் அபராதப் பதிவுகளைத் தோண்டி இந்தப் பெண்களை மீட்டெடுத்தார். அந்தப் பதிவுகள் இருப்பதற்கே காரணம், ஏலின் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்திய 13ஆம் நூற்றாண்டுச் சட்டம்தான். அபராதம் விதிக்கத்தான் அவர்கள் பெயரை எழுதினார்கள். எளியவர்களின் பெயர் ஏட்டில் ஏறுவது தண்டனைக்காக என்பது நமக்குத் தெரியாத செய்தியல்ல.

1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு பிழைத்தவர்களின் கூலி உயர்ந்தது, குடிப்பும் பெருகியது. அடுத்த நூற்றாண்டில் ஹாப் சேர்த்த பியர் கடல் கடந்து வந்து பரவியது. ஹாப் போட்டால் பல நாள் கெடாது, தொலைவுக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், முதல் வேண்டும், கடன் வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். இவை எதுவும் விதவைக்கும் தனித்திருந்த பெண்ணுக்கும் எளிதில் கிடைக்கவில்லை. 1600 வாக்கில் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. லாபம் வரும்வரை அது பெண் வேலை, வந்தபின் ஆண் தொழில்.

இனி அந்த ஆலைக்கு வருவோம். பர்மிங்காமுக்கு மேற்கே உள்ள நிலப்பரப்பைப் பிளாக் கன்ட்ரி, கருப்பு நாடு என்பார்கள். நிலக்கரியும் உலைப்புகையும் தந்த பெயர். அங்கே பிரையர்லி ஹில் என்னும் ஊரில் பேத்தம்ஸ் ஆலை இருக்கிறது. 1877இல் தானியல் பேத்தம் என்பவர் தொடங்கியது. சுரங்கத்தில் வேலை போனபின் காய்ச்ச வந்தவர் அவர். இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு டஜன் பப்கள் மட்டுமே சொந்தம். மைல்ட் என்னும் கருநிற ஏலும், 1951இல் வந்த பிட்டரும்தான் அதன் அன்றாடச் சரக்கு.

ஆலைக்கு முன்னால் வைன் என்ற பப் இருக்கிறது. முகப்பில் ஷேக்ஸ்பியரின் நாடக வரி ஒன்றைப் பெரிய எழுத்தில் தீட்டியிருக்கிறார்கள். ஊரார் அந்தப் பப்பை அழைப்பது காளையும் சிறுநீர்ப்பையும் என்று பொருள்படும் பட்டப்பெயரால். ஒருகாலத்தில் அந்தக் கட்டடத்தில் இறைச்சிக்கடையும் இருந்தது, அதனால் வந்த பெயர். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது நான் சற்று நின்றுவிட்டேன். மாட்டிறைச்சி ஒரு பக்கம், மது ஒரு பக்கம், இரண்டும் ஒரே கூரையின் கீழ். நம் ஊரில் இந்த இரண்டு வேலைகளும் எத்தனை தலைமுறைகளைத் தெருவுக்கு வெளியே நிறுத்தின! அங்கே அது வேடிக்கைப் பெயராகிப் பெருமையோடு வழங்குகிறது.

அதற்காக அந்த ஊரைச் சொர்க்கம் என்று எண்ண வேண்டாம். கருப்பு நாட்டின் குடியிருப்புகளில் ஆணி அடித்தவர்களும் சங்கிலி செய்தவர்களும் வீட்டுக் கொல்லையிலேயே உலை வைத்து வேலை பார்த்தார்கள். இரும்பைக் கொடுத்து ஆணியை வாங்கிய இடைத்தரகர்களை ஃபாகர் என்றார்கள். அவர்களில் பலர் சொந்தமாகப் பியர் கடையோ மளிகைக் கடையோ வைத்திருந்தார்கள். கூலியை அங்கே வைத்துத்தான் கொடுத்தார்கள், அதிலும் பாதி சரக்காக. கூலியைப் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று 1831இல் சட்டம் வந்தது. அது போதாமல், பப்புக்குள் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று 1883இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. அறுவடைக் கூலியில் கள்ளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பண்ணைகளின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே கணக்குத்தான் இது.

பிரையர்லி ஹில்லுக்குப் பக்கத்து ஊர் கிராட்லி ஹீத். அங்கே 1910இல் சங்கிலி செய்த பெண்கள் போராடினார்கள். குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று சட்டப்படி நிர்ணயித்தபின்னும் முதலாளிகள் தர மறுத்தார்கள். மேரி மக்ஆர்தர் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் பத்து வாரம் நின்று வென்றார்கள். நன்கொடையில் மிஞ்சிய பணத்தில் தொழிலாளர் மன்றம் ஒன்றைக் கட்டினார்கள். உலையின் முன் நின்றவர்கள் தாகத்துக்குக் குடித்தது போதை குறைந்த அந்தக் கருநிற மைல்ட். இன்று ரசிகர்கள் பாரம்பரியச் சுவை என்று நாவில் வைத்துப் பார்ப்பது, வியர்த்து வடிந்தவர்களின் குடிநீராக இருந்தது.

இப்போது 1908க்கு வாருங்கள். இந்த ஆண்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு லண்டனில் அஸ்குவித் அரசு பப் உரிமங்களைப் பெருமளவு குறைக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. அந்தச் சபையில் பியர் முதலாளிகள் பிரபுக்களாக உட்கார்ந்திருந்தார்கள். கின்னஸ் குடும்பத்தார் பிரபுக்கள், ஆல்சாப் குடும்பத்தார் பிரபுக்கள். பர்ட்டன் நகரத்துப் பாஸ் ஆலையின் மைக்கேல் பாஸ் 1886இல் பர்ட்டன் பிரபு ஆனார். பம்பாய்க்கும் சென்னைக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடிக்கக் கப்பலேறி வந்த பியர் அந்த நகரத்துடையது. பாஸ் ஆலையை 1777இல் தொடங்கிய கொள்ளுத்தாத்தா வில்லியம் பாஸ், வண்டியில் சுமை ஏற்றிப் பிழைத்தவர். நாலு தலைமுறையில் வண்டிக்காரர் வீடு பிரபு வீடானது. பியர் பிரபுக்கள் என்று கேலி பேசினார்கள்தான். ஆனால் காய்ச்சுகிறவன் தேவாலயத்துக்குள் வரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. தேவாலயம் கட்டப் பணம் தந்ததே அவர்கள்தான்.

அதே 1908, அதே லண்டன். பிரிவி கவுன்சிலில் கமுதி வழக்கின் தீர்ப்பு வந்தது. கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கு அது. மதுரையில் தோற்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்று, லண்டனிலும் நாடார்கள் தோற்றார்கள். பனையேறிக் கள் இறக்கும் சாதி என்பது அவர்கள் மீது சுமத்தப்பட்ட தீட்டுக்கு அடிப்படையாக இருந்தது. வழக்காடியவர்கள் பனையேறிகள் அல்லர், வணிகர்கள். அப்படியும் பிறப்பு அவர்களை விடவில்லை. பியர் காய்ச்சிப் பிரபுவானவர்களின் நாட்டு நீதிமன்றம், கள் இறக்கிய சாதியில் பிறந்தவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தை உறுதி செய்தது. அந்த நீதிபதிகளுக்கு இது முரணாகப் பட்டிருக்காது. வழக்கம் என்ற சொல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கள் இறக்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றி லண்டன் வரை வழக்குப் போகவே வழியில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பாரம்பரியத் தொழில் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு உடம்பு கூசுவதற்கு இதுதான் காரணம். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தோம். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். பேத்தம் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்கிறது. அதைக் குலத்தொழில் என்று நாம் சொல்ல முடியாது. தானியல் பேத்தம் சுரங்கத்திலிருந்து வெளியேறி அதற்குள் வந்தார். அவருடைய பேரனுக்கு வேறு வேலைக்குப் போகத் தடை இருக்கவில்லை. வேறு குடும்பத்தார் பக்கத்துத் தெருவில் ஆலை போட்டாலும் ஊர் தடுக்காது. உள்ளே வரவும் வெளியே போகவும் கதவு இருந்தால் அது மரபு. கதவே இல்லாத வீட்டை மரபு என்று அழைப்பவர்களோடுதான் நமக்குச் சண்டை.

அந்த மரபும் அழியும் நிலைக்கு வந்தது. 1960களில் ஆறு பெரிய நிறுவனங்கள் ஆலைகளை வாங்கி மூடி, பப்களைத் தங்கள் கெக் பியருக்குக் கட்டிப்போட்டன. 1971இல் நாலு இளைஞர்கள் சேர்ந்து ஏலைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். காம்ரா என்ற பெயரில் அது நாடு முழுவதும் பரவியது. அப்போது சொந்தமாகக் காய்ச்சும் பழைய பப்கள் நாட்டில் நான்குதான் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று பிரையர்லி ஹில்லுக்குச் சில மைல் தள்ளி, நெதர்டனில் உள்ள ஓல்ட் ஸ்வான். அதை நடத்தியவர் டோரிஸ் பார்டோ என்ற பெண்மணி. பார்டோ அம்மா கடை என்றுதான் இன்றும் பெயர். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக்கு முன் பெண்களிடமிருந்து போன தொழில், கடைசியில் ஒரு பெண்ணின் கூரையின் கீழ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1982இல் பிரையர்லி ஹில்லின் ரவுண்ட் ஓக் எஃகு ஆலை மூடப்பட்டது. மைல்ட் குடித்த கைகளுக்கு வேலை போனது. பேத்தம்ஸ் மூடவில்லை. 2002இல் சிறு ஆலைகளுக்கு வரியைக் குறைத்தபின் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் புதியவை முளைத்தன.

காம்ரா செய்தது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த மீட்பின் கதையைச் சொல்பவர்கள் பீப்பாய்க்குள் என்ன இருந்தது என்பதை விரிவாகச் சொல்வார்கள். பீப்பாய்க்கு மேலே இருந்த அறைகளில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதைதான் முக்கியம்.

பழைய பப்களில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று பொது பார்: வெறுந்தரை, மரப்பெஞ்சு. இன்னொன்று ஸ்மோக் ரூம்: மெத்தை இருக்கை, கம்பளம், பைன்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை. இரண்டுக்கும் பியர் வருவது கீழே கிடக்கும் ஒரே பீப்பாயிலிருந்து. முதலில் இது வர்க்கப் பிரிவு. மேஸ்திரி அங்கே, கூலியாள் இங்கே. 1950களில் பஞ்சாபிகளும் கரீபியத் தீவுக்காரர்களும் வார்ப்பட ஆலை வேலைக்கு வந்தபோது அந்தச் சுவர் நிறச் சுவராக மாறியது. பிரையர்லி ஹில்லிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய ஸ்மெத்விக் நகரத்தில் பல பப்கள் கருப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் பொது பாரில் மட்டுமே ஊற்றின. ஸ்மோக் ரூமில் மறுத்தன. சில இடங்களில் எந்த அறையிலும் ஊற்றவில்லை. நம் டீக்கடையின் இரட்டைக் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாய்லர், ஒரே டீ. அங்கே குவளைக்குப் பதில் அறை.

இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து நேரடியாக இறங்கியது. அதன் தலைவர்களில் ஒருவர் அவ்தார் சிங் ஜௌல். 1958இல் பஞ்சாபிலிருந்து வந்து வார்ப்பட ஆலையில் வேலை செய்தவர். அவர்கள் கையாண்ட வழி எளியது. வெள்ளை மாணவர்கள் ஸ்மோக் ரூமுக்குப் போய்ப் பியர் வாங்குவார்கள். பின்னால் வரும் இந்தியத் தோழர்களின் கையில் கொடுப்பார்கள். கடைக்காரர் வெளியேற்றுவார். அதைச் சாட்சியாக வைத்து, பப்பின் உரிமம் புதுப்பிக்கப்படும் நாளில் நீதிபதிகள் முன் ஆட்சேபணை போடுவார்கள். போராட்டத்தின் பாதி தெருவில், பாதி உரிம அலுவலகத்தில். நம் இளைஞர்கள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும்.

1964 தேர்தலில் ஸ்மெத்விக்கில் பீட்டர் கிரிஃபித்ஸ் நிறவெறிப் பிரச்சாரத்தின் துணையோடு வென்றார். மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க நகராட்சி திட்டமிட்டது. 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் நடந்தார். ஜௌல் அவரைப் புளூ கேட்ஸ் என்ற பப்புக்கு அழைத்துப் போனார். ஸ்மோக் ரூமில் மறுத்தார்கள். பொது பாருக்குப் போனார்கள். மால்கம் எக்ஸ் மது தொடாத முஸ்லிம். அவருக்குப் பியர் வேண்டியிருக்கவில்லை. அந்த அறைக்குள் போவதுதான் வேண்டியிருந்தது. மகாத் குளத்தில் அம்பேத்கர் அள்ளிய தண்ணீரும் தாகத்துக்கு அல்லவே. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ஆண்டிலேயே இன உறவுச் சட்டம் வந்தது. பப், ஹோட்டல், திரையரங்கு போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பது சட்டவிரோதமானது. பொது இடம் என்ற சொல்லில் ஓட்டை இருந்தது. தொழிலாளர் கிளப்புகள் தாங்கள் உறுப்பினர்களின் தனி இடம் என்றன. பிரஸ்டன் துறைமுகத் தொழிலாளர் கிளப் வழக்கில் 1974இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். தொழிலாளர் கிளப், தொழிலாளியை வெளியே நிறுத்தியது! 1976இல் புதிய சட்டம் கொண்டுவந்துதான் அதை அடைக்க முடிந்தது. தனிப் பாதை, தனி மயானம், தனியார் திருமண மண்டபம் என்று நம் ஊரில் சொல்லப்படும் காரணங்களை அந்த வழக்கின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

பிறகு ஆலைகள் மூடின, வெள்ளை வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். தங்களுக்கு ஊற்ற மறுத்த பப்களைப் பஞ்சாபிகளே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்று அவற்றைத் தேசி பப் என்கிறார்கள். தந்தூரிக் கறித்தட்டு ஒரு பக்கம், கைப்பம்பில் உள்ளூர் ஏல் ஒரு பக்கம். வெள்ளையரும் பஞ்சாபியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு எழுதுகின்றன. நானும் மகிழ்கிறேன். ஆனால் அந்த மேசையில் உட்காரும் பஞ்சாபியரில் ஜாட்டுகளும் இருக்கிறார்கள், ரவிதாசியரும் வால்மீகியரும் இருக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்து, ஒரே வார்ப்பட ஆலையில் வெந்து, ஒரே நிறச் சுவரில் முட்டிக்கொண்டவர்கள். அப்படியிருந்தும் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் ரவிதாசியருக்குத் தனிக் கோயில் வேண்டியிருந்தது. சாதியையும் பாகுபாட்டுச் சட்டத்தில் சேர்க்க 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஒரு வழியைத் திறந்துவைத்தது. 2013இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாக்கியது. இந்து அமைப்புகளும் சில சீக்கிய அமைப்புகளும் எதிர்த்தன. பிரிட்டனில் சாதி கிடையாது, சட்டம் போட்டால்தான் சாதி வரும் என்ற வாதம் வைக்கப்பட்டது. அரசு நடத்திய கலந்தாய்வுக்கு 16,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. தனிச் சட்டம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், அந்தப் பிரிவை நீக்கிவிடுவோம் என்று 2018 ஜூலையில் அரசு அறிவித்தது. ஸ்மோக் ரூமின் கதவைத் திறக்க 1965இல் போட்ட சட்டத்தைப் போல ஒன்று சாதிக்கு இன்னும் அங்கே இல்லை.